மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள்

ஆலத்தியூர் என்றால் இன்று சிமெண்ட்தான் நினைவுக்கு வரும். 1997இல் ராம்கோ ஆலை வந்தபின் அந்தப் பெயர் லாரிக்காரர்கள் வாய்வழியாக மாநிலம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. செந்துறையிலிருந்து அரியலூர் வரை மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல்; ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்ததற்கு அதில் பதிந்த சிப்பிகளும் நத்தைகளும் சாட்சி. நிலவியல் மாணவர்கள் சுத்தியலோடு வந்து போகிறார்கள். இதே வட்டாரத்துக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. சுத்தியலோடு வருகிறவர்கள் அதைக் கேட்டதில்லை.

அரியலூரைத் தாண்டித் தெற்கே திருமானூர்ப் பக்கம் போனால், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஊர். தஞ்சை மராத்திய மன்னர் ஷாஜியின் காலத்தில், 1701இல், அவர் ஆட்சிப் பகுதியில் கிறிஸ்தவர்கள் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார்கள். ஆற்றின் தென்கரை தஞ்சாவூர். வடகரை அரியலூர் மழவராயரின் பாளையம். ஆற்றைக் கடந்தால் உயிர் பிழைக்கலாம். அப்படிக் கடந்து வந்தவர்களுக்குப் புகலிடமான ஊர் என்றே ஏலாக்குறிச்சியின் மரபு சொல்கிறது. 'அடைக்கலம்' என்ற பெயர் பக்திக்காக மட்டும் சூட்டியது அல்ல. ஊரின் அனுபவமே அதில் இருக்கிறது.

ஓடி வந்தவர்கள் கையில் வேதப் புத்தகம் கிடையாது. அப்போது தமிழில் அச்சான விவிலியமே இல்லை. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே 1715இல்தான். சாமியார் ஒருவர் பல மாதங்களுக்கு ஒருமுறை தலைகாட்டினால் அதிகம். அப்படியானால் அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இயேசு யார் என்று சொன்னது யார்? எப்படிச் சொன்னார்கள்? தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு பாதிரியார்களின் பெயர்களால் நிரம்பியது. இந்தக் கேள்விக்கு விடை மட்டும் பெரும்பாலும் பெயரில்லாதவர்களிடம் இருக்கிறது.

தொடக்கம் கடற்கரையில். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கே முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை; சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துச் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழாக்கி, அவரே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கினார். பிள்ளைகள் திரண்டார்கள்.

1544 ஜனவரியில் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் தம் முறையை அவரே விவரிக்கிறார். நாளுக்கு இரண்டு வேளை சிறுவர்களைக் கூட்டி ஒவ்வொரு வரியாகச் சொல்லவைப்பது. கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர்களே சொல்லிக்கொடுப்பது. நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பிச் செபிக்கவைப்பது. பிள்ளைகள் மாணவர்களாக வந்து சில வாரங்களிலேயே ஆசிரியர்களாகிவிட்டார்கள். இதில் இருண்ட பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெற்றோர் ஒளித்து வைத்துக் கும்பிட்ட பழைய தெய்வ உருவங்களைக் காட்டிக்கொடுத்ததும் உடைத்ததும் இதே பிள்ளைகள்தான். சவேரியார் அதைப் பெருமையாக எழுதுகிறார். பிள்ளையை வீட்டுக்குள் ஒற்றனாக்குவது எந்தச் சமயத்துக்கும் அழகல்ல என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும், தோன்றுவது சரிதான்.

அவர் விட்டுப்போன ஏற்பாடு உபதேசியார். ஊருக்கு ஒருவர்; உள்ளூர்க்காரர்; குடும்பஸ்தர். கடற்கரையில் கணக்கப்பிள்ளை என்றார்கள், உள்நாட்டில் கோயில்பிள்ளை, வேதியர், உபதேசியார் எனப் பல பெயர்கள். இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறை வரியில் ஒரு தொகை ஆண்டுதோறும் போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களுக்குத் தரும்படி சவேரியார் கேட்டுப் பெற்றார். தமிழ்நாட்டில் மறைக்கல்விக்கு ஒதுக்கப்பட்ட முதல் நிதி ஓர் அரசியின் செருப்புக் காசு.

அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் இன்னும் ஒரு படி மேலே போனார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். இது பலருக்கும் தெரியும். அதற்கடுத்த ஆண்டு கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' பற்றிப் பேசுவோர் குறைவு. அதன் மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபையார் போர்ச்சுக்கீசியப் பிள்ளைகளுக்காக எழுதிய கேள்வி பதில் நூல். அதாவது, தமிழெழுத்தில் அச்சான இரண்டாவது புத்தகமே குழந்தைகளுக்கு மறை கற்பிக்கப் பிறந்த புத்தகம். 1580இல் மூன்றாவதாக வந்தது பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று விளக்கும் கையேடு. வணக்கம், கேள்வி பதில், மன்னிப்பு என்ற வரிசையில்தான் தமிழ் அச்சு தன் முதல் மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. காகிதத்துக்கும் எழுத்து வார்ப்புக்கும் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்த பரதவர்கள்.

கடற்கரையில் நடந்தது இது. உள்நாட்டில், அரியலூர்ப் பக்கம், ஆட்சி போர்ச்சுக்கீசியர் கையில் இல்லை. மணியடித்துக்கொண்டு தெருவில் போக முடியாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்து தொடங்கிய வழியே இங்கு வந்து சேர்ந்தது. அந்த வழியில் நூறாண்டு கழித்து வந்தவர் இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர்.

வீரமாமுனிவரைத் 'தேம்பாவணி'க்காகவும் 'சதுரகராதி'க்காகவும் கொண்டாடுகிறோம். எழுத்துச் சீர்திருத்தத்துக்காகப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடியதும் ஓரளவு தெரியும். அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியை அவர் குணமாக்கினார், மன்னர் நன்றியோடு நிலம் விட்டார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆனால் அவர் காலத்துக் கிராமத்துக் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் நுழைந்தது தேம்பாவணி அல்ல. 3,615 விருத்தங்களை எந்தக் குடியானவர் வீட்டுப் பிள்ளை படித்திருக்கும்?

உள்ளே நுழைந்தவை வேறு இரண்டு. ஒன்று 'வேதியர் ஒழுக்கம்'. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்காக, எளிய உரைநடையில் எழுதிய நூல். பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன் நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிநாதம். ஆசிரியருக்கென்றே தமிழில் எழுதிய கைநூல் அது. தமிழ்க் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் அதைச் சமய நூல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

இன்னொன்று 'கித்தேரி அம்மாள் அம்மானை'. பெண் பிள்ளைகள் காய் தூக்கிப் போட்டு விளையாடும்போது பாடும் பாட்டின் மெட்டில் ஒரு கன்னி மறைசாட்சியின் கதை. பாட்டு வாயில் ஏறிவிட்டால் கதை தானாக ஏறிவிடும். எழுத்தறியாத வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது. வாமனன் போல் சுருங்கிய இந்த வடிவங்களில்தான் அவருடைய ஆசிரியத் திறமை தெரிகிறது என்று சொன்னால் புலவர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இயேசுவையே கேள்விப்படாத தமிழ்ப் பிள்ளைகளும் இந்தப் பாதிரியாரின் எழுத்தில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களும் அவர் படைத்தவர்களே.

பக்கத்தில் தரங்கம்பாடியில் போட்டி நடந்துகொண்டிருந்தது. 1706இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் கற்பிக்கப் பள்ளி தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும். வீரமாமுனிவர் அவர்களை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று காரசாரமாக எழுதினார். மன்னிப்பைப் போதித்த இரு தரப்பும் ஒன்றையொன்று மன்னிக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்குள் இரு தரப்பின் முறையும் ஒன்றுதான்: கேள்வி, பதில், மனப்பாடம், பாட்டு.

பாட்டில் தரங்கம்பாடி மரபின் பெரிய பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பின்னர் தஞ்சையில் பள்ளியை நடத்தியவர். அவர் பாடிய 'ஞான நொண்டி நாடகம்' நம் பொருளுக்கு முக்கியம். நொண்டி நாடகம் தமிழில் முன்பே இருந்த வடிவம். திருடன், தாசி வீட்டில் பொருளையெல்லாம் இழந்தவன், தண்டனையில் கால் வெட்டுப்பட்டவன், கடைசியில் மனம் வருந்தி இறையருளால் கால் வளரப் பெறுவான். சைவத்தில் உண்டு, வைணவத்தில் உண்டு, சீதக்காதி வள்ளலின் பெயரில் இஸ்லாமியச் சூழலிலும் உண்டு. லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையைக் கேட்ட தமிழ்ப் பிள்ளைக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணமாயிருக்க வேண்டும். சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, வெட்கத்தோடு திரும்பி வருகிறவனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அப்பன் மட்டுமே இதில் புதியவர். கூத்தில் நொண்டிதான் சாமியைத் தேடிப் போவான். இங்கே தூரத்தில் மகன் வருவதைக் கண்டு அப்பன் எழுந்து ஓடுகிறார். மன்னிப்பு என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளக்க அந்த ஓட்டம் ஒன்றே போதும்.

இதே சாஸ்திரியார்தான் 1820களின் இறுதியில், தேவாலயத்தில் சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். ஒரே அப்பன், ஒரே பந்தி என்று வாயால் பாடிய பிள்ளைகள், கோயிலுக்குள் தனித்தனி வரிசையில் உட்கார்ந்து அதைப் பாடியிருக்கிறார்கள். கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறல்ல. மறைக்கல்வியின் வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தை எத்தனை முறை மாற்றியும் தீராத தோல்வி.

சவேரியார் முதல் வீரமாமுனிவர்வரை எல்லோரும் சார்ந்திருந்த இயேசு சபையை 1773இல் போப்பாண்டவர் கலைத்தார். அதற்கு முன்பே போர்ச்சுக்கல் அச்சபையினரை விரட்டத் தொடங்கியிருந்தது. ஐதர் அலி, திப்பு காலத்துப் போர்கள் வேறு. கொள்ளிடக் கரையில் சாமியார் என்பவரே அரிதானார். பாரிசிலிருந்து வந்த வேறு சபையினர் பொறுப்பேற்றாலும் ஆள் போதவில்லை. இயேசு சபையினர் தமிழ்நாட்டுக்குத் திரும்ப 1838 ஆனது. இந்த இடைவெளியில் கிராமங்களில் கிறிஸ்தவம் அழியாமல் இருந்ததென்றால் அது உபதேசியாரின் வேலை. ஞாயிறு காலை மக்களைக் கூட்டி மந்திரம் சொல்லவைத்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிணத்தை அடக்கம் செய்தார். மாலையில் திண்ணையிலோ கோயில் வாசலிலோ பிள்ளைகளை உட்காரவைத்துப் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பூசை காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. மந்திரம் தெரியாமல் வளரவில்லை. இவர்களுக்கு எந்த ஊரிலும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு கைகொடுத்தது. புதுச்சேரி மாதா கோயில் அச்சுக்கூடம் பழைய ஏட்டுப் பிரதிகளைப் புத்தகமாக்கியது. 'சின்னக் குறிப்பிடம்' என்ற சிறு கேள்வி பதில் நூல் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் அரிச்சுவடிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. உன்னைப் படைத்தது யார் என்பதில் தொடங்கிக் கேள்விகள் போகும். அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, பதில் பிசகக் கூடாது. பிசகினால் காது திருகப்படும். 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் அமைந்தபோது ஏலாக்குறிச்சி அதற்குள் வந்தது. வரதராஜன்பேட்டை, தென்னூர், கூவத்தூர் போன்ற கிறிஸ்தவ ஊர்களில் பள்ளிக்கூடங்களும் சிஸ்டர்களின் மடங்களும் எழுந்தபின் திண்ணை வகுப்பு மெதுவாகப் பள்ளிக்குள் நுழைந்தது.

அப்போது ஒரு கட்டளை ரோமிலிருந்து வந்தது. 1910 ஆகஸ்டில் பத்தாம் பத்திநாதர், நன்மை தீமை அறியும் வயதான ஏழு வயதை ஒட்டியே பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். அதுவரை பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருப்பார்கள். இந்த ஓர் ஆணைதான் முதல் நற்கருணை பெறும் 'புதுநன்மை' விழாவைச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் விழாவாக ஆக்கியது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, ஊரெல்லாம் விருந்து. விழாவுக்கு முன்பு வாரக்கணக்கில் வகுப்பு. வகுப்பின் உச்சம் முதல் பாவசங்கீர்த்தனம்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பாவம் இருக்கும்? அம்மா சொல் கேட்கவில்லை, தம்பியை அடித்தேன், பென்சில் எடுத்தேன், பொய் சொன்னேன். எந்த ஊரிலும் பட்டியல் இதுதான். சொல்ல ஒன்றும் கிடைக்காத பிள்ளை, வரிசையில் முன்னால் நின்றவனின் பாவத்தைக் கடன் வாங்கிச் சொல்லிவிட்டு வருவதும் உண்டு. பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் தவறை உணர்வது, வாய்விட்டுச் சொல்வது, இனிச் செய்யமாட்டேன் என்று முடிவெடுப்பது, பரிகாரம் செய்வது என்று மன்னிப்பைப் படிப்படியாகப் பிரித்துப் பழக்கும் வேறு பயிற்சி நம் பள்ளிக் கல்வியில் எங்கே இருக்கிறது? நல்ல சிஸ்டர் ஒருவர் கிடைத்தால் இன்னொன்றும் சேரும்: சாமியாரிடம் சொல்லும் முன் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா. கெட்ட சிஸ்டர் கிடைத்தால் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவார். இரண்டு வகையிலும் படித்து வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

வழிபாடு மட்டும் வெகுகாலம் பிள்ளைக்கு எட்டாமலே இருந்தது. 1960களின் நடுப்பகுதிவரை பூசை இலத்தீனில். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பீடச் சிறுவர்கள் தமிழெழுத்தில் எழுதி உருப்போட்ட இலத்தீன் மறுமொழிகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். புரியாத பூசைக்கு ஈடுகட்டியது இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம். புதுக்கோட்டைப் பக்கம் ஆவூர் பாஸ்கா பேர்போனது. விடிய விடிய நடக்கும் அந்த நாடகத்தில், தன்னைச் சிலுவையில் அறைகிறவர்களை மன்னிக்கும் இயேசுவை ஊர்ப் பிள்ளை கண்ணால் பார்த்தது. மறுதலித்த பேதுரு அழுவதையும், யூதாஸ் அழிவதையும் பார்த்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார், பூசை தமிழானது. 1967இல் பெங்களூரில் அமலோர்பவதாஸ் அடிகள் தொடங்கிய தேசிய விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு மையம் கற்பிக்கும் முறையையே மாற்றச் சொன்னது: மனப்பாடம் பிறகு, முதலில் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து தொடங்கு. தமிழ்நாட்டுக்கு அதே வேலையைத் திண்டிவனத்து நடுநிலையம் செய்தது. சின்னக் குறிப்பிடம் ஓரங்கட்டப்பட்டது. படம் வரைவது, நடித்துக் காட்டுவது, கேள்வி கேட்பது வந்தன. மரத்தில் ஏறிய சக்கேயுவாக நடிக்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை.

சீர்திருத்தச் சபைகளின் பாதை தனி. இங்கிலாந்தில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொழிற்சாலைச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஞாயிறு பள்ளி, இந்தியாவில் 1876இல் தனிச் சங்கமாக வேர்விட்டது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியின் பிறப்பு இன்னும் சுவாரசியம்: 1898இல் நியூயார்க்கில் தெருவில் சுற்றிய பிள்ளைகளுக்காக ஓர் அம்மையார் மதுக்கடைக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய வகுப்புதான் அது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் கைதட்டிப் பாடும் கூட்டம் அதன் வழிவந்தது.

பள்ளிக்கூடங்களில் ஓர் எல்லையும் விழுந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. எனவே கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். சவேரியார் காலத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளையின் மனச்சாட்சி விஷயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் சான்றுகள் மட்டும் மிகக் குறைவு. பாதிரியார்களின் கடிதங்கள் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. உபதேசியார் வீட்டு ஏடுகள், கையால் எழுதிய பாஸ்கா வசன நோட்டுகள், அட்டை கிழிந்த சின்னக் குறிப்பிடம், பாட்டி பாடிய அம்மானை ஆகியவை பரணில் கறையானுக்குப் போகின்றன. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இப்படி ஏதாவது இருந்தால் பழைய காகிதம் எடுப்பவரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதியவர் பெயர் அதில் இருந்தால், அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.